மாட்ரிகலைக் கேட்பது எப்படி: ஆர்க்கடெல்ட்டின் அன்னம்

மாட்ரிகல் என்பது ஒரு கவிதைக்குப் பல குரல்களில் இசையமைத்த பாடல். முதலில் அந்தக் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். தொடங்குவதற்கு ஏற்றது, 1539-இல் வெனிஸில் அச்சான, இசையமைப்பாளர் ஆர்க்கடெல்ட்டின் 'இல் பியாங்கோ எ டோல்சே சின்யோ'. நான்கே குரல்கள். வெள்ளை அன்னம் பாடியபடி சாகிறது, காதலனோ அழுதபடி.

அழுகையைச் சொல்லும் 'பியாஞ்சென்டோ' என்ற சொல்லுக்குக் காத்திருங்கள். அதுவரை தெளிவாக நடந்த இசையில் எதிர்பாராத சுரக்கூட்டு ஒன்று நுழையும், நிறமே மாறிவிடும். எத்தனை சிறிய மாற்றம், எவ்வளவு பாரம்! அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் வேறொரு குரலைப் பின்தொடர்ந்து.

'நாளுக்கு ஆயிரம் மரணம்' என்பது கடைசி வரி. அங்கே குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சொற்களோடு வந்துகொண்டே இருக்கின்றன. ஆயிரத்தை இசை காட்டும் வழி அதுதான். முடிந்தால் கீழ்க்குரலை நீங்களே முனகிப் பாருங்கள்.