பழைய கண்டாங்கியில் குழந்தை விரிப்பு: தையல் பழக நல்ல தொடக்கம்

வீட்டிலேயே தையல் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ரவிக்கையில்தான் தொடங்குகிறார்கள். கைக்குழி, கழுத்து வளைவு, டக்ஸ் எனும் மடிப்புத் தையல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர, சில வாரங்களிலேயே சலித்துப்போய் இயந்திரத்தை உறை போட்டு மூடிவிடுகிறார்கள். நேர்த்தையல் கைக்குப் படியும்வரை வளைவுப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஏற்ற முதல் வேலை, குழந்தையைக் கிடத்தும் குயில்ட் விரிப்பு, அதாவது மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்த விரிப்பு. செட்டிநாட்டு வீடுகளில் அதற்கான துணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அப்பத்தாவோ ஆயாவோ கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, மெத்தென்று ஆகிவிட்ட, கட்டம் போட்ட கண்டாங்கிப் பருத்திச் சேலை ஒன்று அலமாரியின் அடித்தட்டில் இருக்கும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியை நான் பரிந்துரைப்பது ஊர்ப்பெருமைக்காக மட்டுமன்று. அதன் கட்டங்கள் அச்சடித்தவை அல்ல. பாவிலும் (நீள நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) வண்ண நூல் கொடுத்து நெய்யப்பட்டவை. அச்சுத் துணியில் கோடு ஒரு பக்கமும் நூலோட்டம் வேறு பக்கமும் போகலாம், கண்டாங்கியில் அப்படி நேராது. கோட்டின் மேல் கத்தரித்தால் நூலோட்டத்திலேயே கத்தரித்ததாகும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

துணியைத் தேர்தல்

சேலையை வளவு வாசலின் (வீட்டு நடுமுற்றத்தின்) வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல்கள் விலகி, வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள். மற்ற இடங்களில் இரண்டு கட்டைவிரல்களாலும் துணியை அழுத்தி இழுக்க வேண்டும். கிழியவில்லை என்றால் அது தையலையும் தாங்கும். அடுத்து, நனைத்த வெள்ளைத் துணியால் அரக்கு, கறுப்பு நிறங்களின் மேல் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏறினால் அந்தச் சேலை குழந்தைக்கு வேண்டாம். புதுத்துணி சேர்ப்பதாக இருந்தால், கஞ்சி போகவும் சுருங்குவது இப்போதே சுருங்கிவிடவும், முதலில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும்.

நடுவில் வைக்கப் பாலியஸ்டர் பஞ்சு விற்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது; குழந்தையின் முதுகு வேர்த்துவிடும். துவைத்துப் பழகிய நான்கு முழ வேட்டி ஒன்று போதும். அதிலேயே அடித்துணிக்கு ஒன்று, நடுத்துணிக்கு ஒன்று என 34க்கு 40 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் கிடைத்துவிடும்.

வெட்டுதல்

விரிப்பின் அளவு 30க்கு 36 அங்குலம். சதுரங்களில் கை வைக்கும் முன், விரிப்பின் விளிம்பைச் சுற்றி மூடும் ஓரப்பட்டைக்காகச் சேலையின் நீளவாக்கில் இரண்டரை அங்குல அகலமும் 150 அங்குல நீளமும் உள்ள ஒரே பட்டையை வெட்டி எடுத்துவிடுங்கள். சதுரங்களை முதலில் வெட்டினால் பிறகு பட்டைக்குத் துண்டு துண்டாக ஒட்டுப்போட வேண்டிவரும். பட்டையை எடுத்த பிறகு, ஆறரை அங்குலச் சதுரங்களாக முப்பது வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதால், தைத்து முடித்ததும் சதுரம் ஆறு அங்குலமாக நிற்கும். சேலையின் கரை உடலைவிடக் கனமாகவும் விறைப்பாகவும் இருக்குமாகையால், அதைச் சதுரங்களில் சேர்க்க வேண்டாம்.

இணைத்தல்

வரிசைக்கு ஐந்து சதுரம், ஆறு வரிசை. முதலில் தரையில் பரப்பி நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் அரக்கு வந்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரியும். 14-ஆம் எண் ஊசி போட்டு, அங்குலத்துக்குப் பத்துத் தையல் வரும்படி இயந்திரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஊசியிலிருந்து கால் அங்குலத் தொலைவில் இயந்திரத் தகட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டே போகும்படி தைத்தால் தையல் கோணாது. கண் டேப்பின் மேல் இருக்க வேண்டும், ஊசியின் மேல் அன்று.

இஸ்திரியில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். முதல் வரிசையில் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கமாகவும், அடுத்த வரிசையில் இடப்பக்கமாகவும் மடித்துத் தேயுங்கள். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். விரலால் தடவினாலே அது தெரியும். சதுரங்களின் மூலைகள் சரியாகச் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று அடுக்கும் ஒன்றாக

இந்த வேலைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மிகவும் உதவும். வழவழப்பான அந்தத் தரையில் அடித்துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, அதன் ஓரத்தைக் கற்கள் சேரும் கோட்டோடு பொருத்தி, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கற்கள் சதுரமாக இருப்பதால் மூலை மட்டம் தானே கிடைக்கிறது. அதன்மேல் நடுத்துணி, அதற்கும் மேல் சதுரங்களை இணைத்த மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்திக்கொண்டே வெளிப்பக்கம் வாருங்கள். ஊக்குகளை முதலிலேயே எண்ணிக் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி எண்ணிச் சரிபார்ப்பது கட்டாயம், ஏனென்றால் இதன்மேல் கிடக்கப்போவது குழந்தை.

தைப்பதும் நடுவிலிருந்தே. ஊசியை 16-ஆம் எண்ணுக்கு மாற்றி, அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையலாகத் தளர்த்தி, கட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போங்கள். கையால் ஓட்டுத் தையல் போட்டாலும் அழகுதான். நேரம் கூடுதலாகும், ஆனால் விரிப்பு இன்னும் மென்மையாக இருக்கும். தைத்த பிறகு மிஞ்சும் துணியை மேல்துணியின் அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

ஓரப்பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மேல்பக்கத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டையைச் சாய்வாக மேலே மடித்து, பிறகு நேராகக் கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடருங்கள். பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் (விளிம்பு மடித்துத் தைத்தல்) செய்தால் விரிப்பு தயார்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தவோ தொட்டிலில் இடவோ கூடாது. முகத்தின்மேல் துணி ஏறினால் மூச்சுத் திணறும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்கும்போது தரையில் விரித்து, விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்தி விளையாட விடுவதற்கே இந்த விரிப்பு.

மிச்சத் துணியில் முதல் சட்டை

நேர்த்தையல் வந்துவிட்டதால் இனி வளைவைத் தொடலாம். மிஞ்சிய துணியில் மிக மெல்லியதாகப் பார்த்து 24க்கு 11 அங்குலத் துண்டு எடுத்து, நான்காக மடித்தால் 12க்கு ஐந்தரை ஆகும். மடிப்புகள் சேரும் மூலையிலிருந்து கழுத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம், அதற்கப்பால் தோளுக்கு இரண்டு அங்குலம் குறியுங்கள். தோள்முனையிலிருந்து நான்கு அங்குலம் இறங்கி, பக்க ஓரத்தைத் தொடும்படி கைக்குழியை வளைத்து வெட்டுங்கள். கழுத்து இறக்கம் பின்னால் ஓர் அங்குலம், முன்னால் இரண்டு. முன்பக்கத்தை நடுவில் முழுவதும் வெட்டித் திறந்து, ஓரங்களை மடித்து அடிக்க வேண்டும். முதுகில் முடிச்சு வந்தால் மல்லாந்து படுக்கும் குழந்தையை உறுத்தும் என்பதால்தான் முன்திறப்பு. பட்டனும் வேண்டாம், குட்டையான நாடா இரண்டு ஜோடி போதும்.

கழுத்துக்கும் கைக்குழிக்கும் நேர்ப்பட்டை வளைந்து கொடுக்காது, நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டைதான் வேண்டும். கட்டம் சரியான சதுரமாக இருந்தால், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே 45 பாகை கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் ஒன்றே கால் அங்குல அகலத்தில் பட்டை வெட்டி, அதை இழுக்காமல் வளைவின்மேல் படியவைத்துத் தையுங்கள். பக்கத் தையலுக்கு அரை அங்குலம் விட்டு, உட்பக்கம் பிசிறு நிற்காமல் மடித்து அடித்துவிடுங்கள். பிறந்த குழந்தையின் தோலில் முதலில் உறுத்துவது அந்தப் பிசிறுதான்.