லேசரா, ஊசியா: முகத்து முடியை நீக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்தக் கிளினிக்கிற்கும் தொலைபேசி செய்வதற்கு முன்னால், காலை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலருகே ஒரு கைக்கண்ணாடியுடன் பத்து நிமிடம் உட்காருங்கள். மோவாயிலும் தாடையின் அடியிலும் மேலுதட்டிலும் கிருதாப் பகுதியிலும் இருக்கும் முடி எத்தகையது என்று பார்ப்பதே முதல் வேலை. கறுப்பாகவும் தடிப்பாகவும், விரலால் தடவினால் குத்துவதாகவும் இருப்பது ஒரு வகை. மென்மையாக, நிறம் வெளிறி, முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் பூனைமுடி இன்னொரு வகை. நரைத்துவிட்டது மூன்றாவது வகை. லேசரா, ஒவ்வொரு முடியின் வேரையும் மின்னூசியால் அழிக்கும் எலக்ட்ரோலிசிஸா என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்தக் கைக்கண்ணாடியிலேயே கிடைத்துவிடும். மும்பையில் நம்மவர்கள் வாழும் மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இருக்கும் கிளினிக்குகள் பலவற்றில் பேச்சு விலைப்பட்டியலிலிருந்து தொடங்குவதால், நம்மவர்களில் பலர் இதைப் பார்க்காமலேயே எட்டு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

லேசர் ஒளிக்குத் தெரிந்தது கறுப்பு நிறம் ஒன்றுதான். முடிக்குக் கறுப்பைத் தரும் மெலனின் என்ற நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு முடிவேரையும் அதைச் சுற்றியுள்ள வளர்ச்சி உயிரணுக்களையும் சிதைக்கிறது. ஒளியின் அலைநீளத்தையும் துடிப்பின் நேரத்தையும் சரியாக அமைத்தால் நிறமுள்ள இலக்கை மட்டும் சுட்டு, சுற்றியுள்ள தோலை விட்டுவிடலாம் என்பதை 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள். முடிநீக்க லேசர்கள் 1990களின் நடுவில் அந்தக் கொள்கையின் மேல் எழுந்தவைதான். வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே இதற்கு முழுமையாக அகப்படும். ஒரே நாளில் எல்லா முடியும் அந்தப் பருவத்தில் இருப்பதில்லை. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங்குகள் தேவைப்படுவது இதனால்தான். நரைமுடியில் மெலனின் இல்லை, எனவே லேசருக்கு அங்கே பிடிமானமும் இல்லை. இயந்திரம் எவ்வளவு புதியதானாலும் இது மாறாது.

நமக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மெலனின் முடியில் மட்டுமன்றித் தோலிலும் இருக்கிறது. தோல் மருத்துவர்கள் வெயிலுக்குத் தோல் எப்படி வினைபுரிகிறது என்பதை வைத்து அதை, மிக வெளிர்ந்தது ஒன்று, மிகக் கறுத்தது ஆறு என்று ஆறு வகையாகப் பிரிப்பார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்ற வகைகளில் வருவோம், சிலர் ஆறில். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் உள்ள தோலின் மேற்பரப்பே ஒளியின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால், பொருந்தாத இயந்திரம் கொப்புளத்தையும், அது ஆறிய பின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டையும் விட்டுச்செல்லும். ஆகையால் அலைநீளத்தைக் கேட்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் வெளிர்ந்த தோலுக்கு நல்லது. 800 முதல் 810 வரையிலான டயோடு, நீண்ட துடிப்புடனும் நல்ல குளிரூட்டும் முனையுடனும் அனுபவமுள்ளவர் கையில் இருந்தால், மாநிறத்துக்குப் பயன்படும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் தோலின் மேற்பரப்பைக் குறைவாகச் சீண்டி ஆழத்துக்குப் போகிறது. கறுத்த நிறத்தவருக்கு இதுவே பாதுகாப்பானது. சற்றுக் கூடுதலாக வலிக்கும் என்பதும், மெல்லிய முடியிடம் இதன் பலம் குறைவு என்பதும் இதற்கு நாம் கொடுக்கும் விலை. ஐ.பி.எல். என்பது லேசரே அன்று, பல அலைநீளங்கள் கலந்த ஒளிவீச்சு. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் கைக்கருவிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தோல்நிற அட்டவணையை நேர்மையாகப் பார்த்தால் நம்மில் பலர் அதற்கு வெளியே நிற்போம்.

பூனைமுடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகத் தவறு நடக்கும் இடம் அதுதான். போதிய வெப்பம் சேராத மெல்லிய முடி லேசரில் சாவதற்குப் பதிலாகத் தூண்டப்பட்டு, தடித்துக் கறுத்து வளர்வது உண்டு. மருத்துவ நூல்களில் பதிவான விளைவு இது. கன்னம், தாடை விளிம்பு, கழுத்து ஆகிய இடங்களிலும், தெற்காசிய, மத்தியக் கிழக்கு, மத்தியதரைக்கடல் பகுதிப் பெண்களிடத்திலும், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடத்திலும் இது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. என் நாத்தனார் மோவாயில் இருந்த சில தடித்த முடிகளுக்காகப் போனார். முழு முகமும் பேக்கேஜில் மலிவு என்று சொல்லி, அங்கே கன்னத்துக்கும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். மோவாய் தெளிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த கன்னத்து முடி, நான்காவது சிட்டிங்குக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. முழு முகம் என்ற பேக்கேஜை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. தடித்த முடி இருக்கும் இடத்தை மட்டும் காட்டி, அங்கே மட்டும் செய்யச் சொல்லுங்கள். மீதியுள்ள பூனைமுடியை அப்படியே விட்டுவிடலாம், அல்லது விசேஷ நாட்களுக்கு முன் த்ரெட்டிங் செய்துகொள்ளலாம்.

எலக்ட்ரோலிசிஸ் வயதில் மூத்தது. 1875இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணை உரசும் இமைமுடியை ஒழிக்க மின்னூசியைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு மயிர்க்காலிலும் மயிரிழை போன்ற ஊசியை நுழைத்து மின்சாரம் செலுத்துவதே இன்றும் முறை. நேர்மின்னோட்டம் செலுத்தினால் மயிர்க்காலில் உள்ள உப்புநீர் காரமாக மாறி வேரைக் கரைக்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் சூட்டினால் அழிக்கும். இரண்டையும் கலந்து செய்வது பிளெண்ட் எனப்படும். முடியின் நிறமோ தோலின் நிறமோ இங்கே கணக்கில் இல்லை. நரை, செம்பட்டை, பூனைமுடி அனைத்துக்கும் இது செல்லும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்ற சொல்லையும், எலக்ட்ரோலிசிஸுக்கு நிரந்தர நீக்கம் என்ற சொல்லையும் பயன்படுத்துகிறது. கிளினிக் விளம்பரங்கள் இந்த இரு சொற்களையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

அப்படியானால் எல்லோரும் ஊசிக்கே போகலாமே என்று தோன்றும். தடை, நேரமும் கைத்திறனும். ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டியிருப்பதால், மோவாய் முழுவதும் தடித்த முடி உள்ளவர் தொடக்கத்தில் வாரம் ஒரு முறை போய், ஓராண்டுக்கு மேலும் தொடர வேண்டியிருக்கும். எலக்ட்ரோலிசிஸை முறையாகக் கற்றவர்கள் மும்பையிலும் லேசர் செய்பவர்களைவிடக் குறைவு. ஊசி தவறான ஆழத்திலோ கோணத்திலோ நுழைந்தால் குழித்தழும்பும் கரும்புள்ளியும் வரும். நல்ல கையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: மின்சாரம் செலுத்திய பின் இடுக்கியால் எடுக்கும்போது முடி வெண்ணெயிலிருந்து வருவது போல வழுக்கி வர வேண்டும். பிடுங்கும் வலி உங்களுக்குத் தெரிகிறது என்றால் வேர் சாகவில்லை, நீங்கள் பணம் கொடுத்துப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். முதல் நாளில் பத்துப் பன்னிரண்டு முடிக்கு மேல் எடுக்க விடாமல், இரண்டு மூன்று வாரம் தோலைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஊசி உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், உங்களோடு முடிந்து குப்பைக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும் வழிகளில் பயன்படுத்திய ஊசியும் ஒன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இந்த முறை வேண்டாம். காயம் பட்டால் தழும்பு தடித்துப் புடைக்கும் உடல்வாகு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

இந்த இரண்டில் எதற்குப் போவதானாலும், முடி ஏன் வளர்கிறது என்று கேட்காமல் போனால் செலவு திரும்பத் திரும்ப வரும். மாதவிலக்குத் தள்ளிப்போவது, முகப்பரு, உச்சந்தலையில் முடி கொட்டுவது, கழுத்து கறுத்துத் தடிப்பது ஆகியவற்றோடு மோவாயில் முடியும் சேர்ந்தால், பேச்சு வழக்கில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகிய இரத்தப் பரிசோதனைகளையும் தேவைப்பட்டால் ஸ்கேனையும் மருத்துவர் எழுதித் தருவார். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், தாராவியிலிருந்து நடந்தே போகக்கூடிய சயான் மருத்துவமனையிலோ பரேல் கே.இ.எம்.மிலோ கேஸ் பேப்பர் என்னும் நோயாளிச் சீட்டை எடுத்துத் தோல் பிரிவில் காட்டலாம். அங்கிருந்து மகளிர் பிரிவுக்கு அனுப்புவார்கள். மாத்திரை தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் ஆகும், ஏற்கெனவே தடித்துவிட்ட முடி தானாக உதிர்ந்துவிடாது. சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கரகரத்தால் லேசரைப் பற்றிய எண்ணத்தையே தள்ளிவைத்து, உடனே மருத்துவரைப் பாருங்கள். அரிதாகச் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ வளரும் கட்டி அப்படித்தான் தன்னைக் காட்டும். இன்னொரு காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கி, முகம் வெளுக்கும் என்று மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் தோலை மெலியச் செய்வதோடு முகத்தில் முடியையும் வளர்க்கின்றன. அதை மருத்துவர் சொல்லும் முறையில் நிறுத்தாமல் லேசருக்குப் போவது, மெலிந்த தோலின் மேல் நெருப்பை வைப்பதாகும்.

லேசர் என்று முடிவானால் நாட்காட்டியைப் பாருங்கள். வெயிலில் கறுத்த தோலில் லேசர் செய்யக்கூடாது. மும்பைக்கு ஜூன் தொடக்கம் நல்ல நேரம்: மழைமேகம் நான்கு மாதம் துணை நிற்கும், அக்டோபர் வெயிலில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால், மார்ச்சுக்குள் ஏழு எட்டு சிட்டிங்குகளை முடித்துவிடலாம். மே விடுமுறையில் ஊருக்குப் போய்த் திருவிழா வெயிலில் அலைந்துவிட்டு, திரும்பிய வாரமே சிட்டிங் வைத்துக்கொள்வதுதான் நான் கண்டவற்றில் மிகவும் வழக்கமான பிழை. கல்யாணத்துக்காகச் செய்துகொள்பவர்கள் நலங்குக்குப் பத்து மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி இரண்டு மாதத்தில் வரும் புதுக் கருந்திட்டைப் புகைப்படக்காரரால் மட்டுமே மறைக்க முடியும்.

முதல் சிட்டிங்குக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வாக்சிங், இடுக்கி மூன்றையும் நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி சுடுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. ப்ளீச்சும் கூடாது, அது முடியின் கறுப்பையே எடுத்துவிடும். இடைப்பட்ட நாட்களில் செய்யக்கூடியது சவரம் ஒன்றுதான் என்றதும் அம்மாக்களும் மாமியார்களும் பதறுவார்கள். சவரத்தால் முடி தடிப்பதில்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது, வேருக்கு அந்தக் கத்தியைப் பற்றி எதுவும் தெரியாது. எலக்ட்ரோலிசிஸுக்கோ நேர்மாறாக, இடுக்கி பிடிக்கும் அளவுக்கு முடி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும்.

கிளினிக்கில், தோல் மருத்துவர் நேரில் தோலைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறாரா, லேசரை இயக்கப்போவது யார், ஏதேனும் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். காதோரத்தில் சிறு இடத்தில் சோதனை செய்து, ஒன்றிரண்டு வாரம் பொறுத்த பிறகே முழுப் பகுதிக்கும் ஒப்புக்கொள்ளுங்கள். அறையில் உள்ள அனைவருக்கும் கண்காப்பு இருக்க வேண்டும். புருவத்துக்குக் கீழே கண்ணைச் சுற்றியுள்ள பகுதியில் லேசர் படக்கூடாது. மோவாயில் பச்சை குத்திக்கொண்ட பாட்டிமார், அந்தப் பச்சையின் மேல் ஒளி பட்டால் வெந்துவிடும் என்பதால், ஊசிக்குத்தான் போக வேண்டும். மச்சத்தையும் மூடிவிடச் சொல்லுங்கள். உதட்டில் அக்கி வந்த வரலாறு உண்டென்றால் முன்கூட்டியே சொன்னால் மாத்திரை தருவார்கள். கர்ப்பமாக இருந்தால் இரண்டையும் பிரசவத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பணத்தை சிட்டிங்குக்கு சிட்டிங் கட்டுங்கள்; வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுப்பவரிடம், பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கும் அது பொருந்துமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

என் தீர்ப்பு, பெரும்பாலோருக்கு, இரண்டும் சேர்ந்ததே. மோவாயிலும் தாடையடியிலும் கறுத்துத் தடித்த முடி அடர்ந்திருக்கும் இருபது, முப்பது வயதுப் பெண்கள் என்டி-யாக் லேசரால் அடர்த்தியைக் குறைத்துவிட்டு, எஞ்சி நிற்கும் முடிகளை எலக்ட்ரோலிசிஸால் முடித்துக்கொள்ளலாம். ஹார்மோன் கோளாறு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் போக வேண்டியிருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு மோவாயில் ஐந்தாறு நரைமுடி மட்டும் முளைக்கும் பெண்களுக்கு லேசர் வீண்செலவு, நேரே ஊசிக்குப் போங்கள். தாடியை நீக்க விரும்பும் திருநங்கையர், ஹார்மோன் சிகிச்சை தாடியைப் போக்காது என்பதையும், தாடி முழுவதையும் ஊசியால் மட்டும் எடுப்பது நூறு மணி நேரத்தைத் தாண்டக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, கறுத்த முடி இருக்கும்போதே லேசரைத் தொடங்குவது நல்லது.

சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்து சற்று வீங்குவது இயல்பு. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். லேசருக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் முடி தானாக உதிரும், அதைப் பிடுங்கவோ தேய்த்து எடுக்கவோ கூடாது. ஊசிக்குப் பின் கடுகளவு பொருக்கு தோன்றினால் நகத்தால் நோண்டாதீர்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும், உள்ளூர் ரயிலின் ஜன்னலோர இருக்கையிலும்கூட. கொப்புளம் எழுந்தாலோ, எரிச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வரிவரியாகக் கருமை தெரிந்தாலோ, மஞ்சளோ பற்பசையோ பூசாமல் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே தோல் மருத்துவரிடம் காட்டி, அடுத்த சிட்டிங்கைத் தள்ளிவையுங்கள்.