டிராஃப்ட் பிக்கை விற்பதா, வைத்துக்கொள்வதா? என்.பி.ஏ. அணிக்கு நீங்களே கணக்குப் போடும் முறை

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்டில் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கின்றன; அப்படி ஒருவரை எடுக்கும் உரிமைதான் பிக். வேறு அணியின் வீரரை வாங்க அதை விலையாகவும் கொடுக்கலாம், அந்தக் கைமாற்றுதான் டிரேட். டிரேட் செய்தி வந்ததும் "மூன்று முதல் சுற்றுப் பிக்கா, ரொம்ப அதிகம்!" என்று பேச்சு கிளம்பும். எண்ணிக்கையை மட்டும் வைத்து அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. அந்தப் பிக் எந்த ஆண்டுக்கு உரியது, அந்த ஆண்டில் அணி எவ்வளவு மோசமாக ஆடக்கூடும் என்பதைப் பொறுத்துத்தான் விலை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கையிருப்பை எழுதுங்கள்

என்.பி.ஏ.வில் ஏழு ஆண்டுகள் வரையிலான வருங்காலப் பிக்குகளை விற்கலாம். ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள். சொந்தப் பிக், வேறு அணியிடமிருந்து வரவேண்டியது, ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

2. எதை விற்க முடியும் என்று பாருங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டெபியன் விதிப்படி, அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்றுப் பிக்கே இல்லாமல் ஓர் அணி இருக்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி இது. 2029 பிக்கைக் கொடுத்தால் 2028, 2030 இரண்டும் பூட்டப்பட்டுவிடும். அந்த ஆண்டுகளில் இன்னோர் அணியின் முதல் சுற்றுப் பிக் கையில் இருந்தால் பூட்டு திறக்கும்.

அதனால்தான் பெரிய டிரேடுகளில் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு பிக் போகிறது, இடைப்பட்ட ஆண்டுக்கு ஸ்வாப் கொடுக்கிறார்கள், அதாவது இரு அணிகளின் பிக்கில் நல்லதை வாங்குபவர் எடுத்துக்கொள்ளும் உரிமை. ஸ்வாப்பில் இடம்தான் மாறும். ஒரு பிக் உங்களிடம் இருந்துகொண்டே இருக்கும்.

சம்பளச் செலவு, லீக் வைத்திருக்கும் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற உயர் வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாண்டிய அணியின் ஏழாவது ஆண்டுப் பிக் உறைந்துவிடும், அதை விற்க முடியாது.

3. பிக்கின் தரத்தை மதிப்பிடுங்கள்

டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கல்தான் லாட்டரி; பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு) போகாத 14 அணிகளுக்குத்தான் அது. 2019-ல் வந்த முறைப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14%. லாட்டரி முதல் நான்கு இடங்களைத்தான் தீர்மானிக்கிறது. எனவே ஆகக் கடைசி அணிகூட 47.9% வாய்ப்பில் ஐந்தாவது இடத்துக்கு இறங்கிவிடும். மறுபுறம், 2025-ல் டல்லஸ் வெறும் 1.8% வாய்ப்பில் முதல் இடத்தைப் பிடித்து கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது.

அடுத்த இரண்டு ஆண்டுப் பிக் எங்கே விழும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஐந்தாறு ஆண்டு தள்ளி உள்ளதை யாராலும் ஊகிக்க முடியாது. வாங்குபவர் அதற்காகத்தான் அதைக் கேட்கிறார்.

4. முக்கிய வீரர்களின் வயதைப் பக்கத்தில் எழுதுங்கள்

முடிவே இந்தப் படியில்தான் இருக்கிறது. பிக் கைமாறும் ஆண்டில் அணியின் முதல் இரண்டு வீரர்களுக்கும், இப்போது வாங்கப்போகும் வீரருக்கும் என்ன வயது, ஒப்பந்தம் மிச்சம் இருக்கிறதா?

2013-ல் புரூக்ளின் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்கியது. விலையாக 2014, 2016, 2018 பிக்குகளும் 2017 ஸ்வாப்பும் பாஸ்டனுக்குப் போயின, எந்த நிபந்தனையும் இல்லாமல். 2016 பிக் மூன்றாம் இடத்தில் விழுந்தது, பாஸ்டன் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2016-17 பருவத்தில் புரூக்ளின் 20 வெற்றி, 62 தோல்வி. ஸ்வாப்பில் முதல் இடமே பாஸ்டனுக்குப் போனது; அதை ஃபிலடெல்ஃபியாவின் மூன்றாம் இடத்தோடும் இன்னொரு பிக்கோடும் மாற்றி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-ல் பாஸ்டன் சாம்பியன். இரண்டு நட்சத்திரங்களுக்கும் 2016-ல் என்ன வயது ஆகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்திருந்தாலே ஆபத்து தெரிந்திருக்கும்.

2019-ல் லேக்கர்ஸும் இளம் வீரர்களையும் பிக்குகளையும் அள்ளிக் கொடுத்தது. ஆனால் வாங்கியது 26 வயது அந்தோனி டேவிஸை, பக்கத்தில் லெப்ரான் ஜேம்ஸ். 2020-ல் கோப்பை வந்தது. அது சரியான டிரேட்.

என் தீர்ப்பு இது: கோப்பைக்குப் போட்டியிடும் முதல்தர வீரர் ஏற்கெனவே அணியில் இருந்தால் விற்கலாம். வெறுமனே பிளேஆஃபுக்குள் நுழைவதற்காக ஒரு பிக்கைக்கூட விற்கக் கூடாது.

போட்டியிடும் அணியும் ஒன்றிரண்டு பிக்குகளை வைத்துக்கொள்வது நல்லது. முதல் சுற்று வீரரின் சம்பளம் அட்டவணைப்படி குறைவு. நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கடைசி இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். பெரிய சம்பளங்களுக்கு நடுவே அணியை நிரப்ப இப்படிப்பட்டவர்கள் வேண்டும்.

5. நிபந்தனையைக் கவனமாக எழுதுங்கள்

"முதல் நான்கு இடத்துக்குள் விழுந்தால் எங்களுக்கே" என்ற பாதுகாப்பு நல்ல காப்பு. ஆனால் "2029-ல் கைமாறாவிட்டால் 2030-ல்" என்று நீட்டினால், பிக் எந்த ஆண்டு போகும் என்று தெரியாது. ஸ்டெபியன் விதி 2028 முதல் 2031 வரை நான்கு ஆண்டுகளையும் பூட்டிவிடும். ஒரே ஒரு பிக்குக்காக அடுத்த டிரேடுக்கு வழியே இல்லாமல் போகும். நீட்டாமல், கைமாறாவிட்டால் இரண்டாம் சுற்றுப் பிக்காக மாறும்படி எழுதினால் இந்தச் சிக்கல் குறையும்.

இரண்டாம் சுற்றுப் பிக்குகளைப் பேரத்தில் இடைவெளியை நிரப்பத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நிகோலா யோகிச் 2014-ல் 41-வது இடத்தில் கிடைத்தது உண்மை, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.