ஈசி போட்டுப் பார்த்தது யார்? மனை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. அச்சிறுபாக்கம் தாண்டி 1,200 சதுர அடியில், அதாவது அரை கிரவுண்டில், ஒரு மனை பார்த்திருக்கிறார்கள். "டாக்குமென்ட் கொண்டு வந்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் போன்ல இருக்குங்க சார்" என்று வாட்ஸ்அப்பைத் திறந்து நீட்டினார்.

மேலே தள்ளிக்கொண்டே போனேன். ட்ரோன் வீடியோ. லேஅவுட் படம். பட்டா. வில்லங்கச் சான்று, அதாவது ஈசி: ஒரு நிலத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். பத்திரத்தின் நாலாம் பக்கம் மட்டும். நடுநடுவே தரகரின் குரல் செய்திகள். கடைசியில் பணம் அனுப்ப ஒரு கியூஆர் படம், அதன் கீழே: "இன்னைக்கு ஈவ்னிங்குள்ள டோக்கன் போட்டா பிளாட்டை லாக் பண்ணிடலாம் சார்."

மதுராந்தகம் வட்டாரத்தில் 18 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். அந்தப் போனில் இருந்தது முழுக்க நான் செய்த தவறுகளின் வரிசை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அசல் பத்திரத்தைப் பார், பக்கத்து நிலத்துக்காரரை விசாரி என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; அதை விட்டுவிடுகிறேன்.

விற்பவர் அனுப்பிய ஈசியை நம்புவது

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2019-இல் என் தங்கை வீட்டுக்காரர் சார்ஜாவில் இருந்தார். திண்டிவனம் போகும் வழியில் 40 சென்ட் நிலம் விலைக்கு வந்தது. அப்பா காலமாகிவிட்டார், நான் ஒரே வாரிசு என்றார் விற்பவர். பட்டா அவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றைப் பிடிஎஃப்பாக அவரே தங்கை வீட்டுக்காரருக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். "மச்சான், நீங்க ஒரு பார்வை பார்த்து ஓகேன்னா போதும், பணத்தைப் போட்டுடுறேன்."

அன்று நான் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போனிலேயே திறந்தேன். புல எண் (சர்வே நம்பர்) 112/3பி. வில்லங்கம் எதுவும் இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மறுநாள் காலை நாலு லட்சம் முன்பணம் போய்விட்டது.

கிரயப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோதுதான் தாய்ப் பத்திரத்தின், அதாவது அந்த நிலத்தின் முந்தைய பத்திரத்தின், எண் தேவைப்பட்டது. அதைத் தேடப் போய், 112/3பி என்பதே 2006-இல்தான் பிறந்தது என்று தெரிந்தது. அதற்கு முன் முழு நிலமும் 112/3. அந்தத் தாய் எண்ணைப் போட்டுத் தேடினேன். 1996-இல் அந்த அப்பா தன் மூத்த மகளுக்கு 20 சென்டைத் தானசெட்டில்மென்ட் எழுதி, முறையாகப் பதிவும் செய்து கொடுத்திருந்தார். நாங்கள் வாங்கப் போன நிலத்தில் பாதி, விற்பவருடையதே இல்லை.

அவர் அனுப்பிய சான்றை மறுபடி திறந்தேன். அதில் ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை. தலைப்பிலேயே தேடுதல் காலம் 2006 முதல் 2019 வரை என்று அச்சாகி இருந்தது. உட்பிரிவு எண்ணும் இருந்தது. நான்தான் அந்த வரியைப் படிக்கவில்லை. நாலு லட்சத்தில் ஒன்றரை லட்சம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. அந்தப் பணத்துக்காக என் தங்கை அடகு வைத்த வளையல்களை மீட்க மூன்று வருடம் ஆனது. பத்திரம் எழுதுவதே தொழிலாக இருக்கும் நான் பக்கத்தில் இருந்தும் இது நடந்தது.

முன்பெல்லாம் வில்லங்கம் போடுவது என்றால் வாங்குகிறவர்தான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார். எந்தக் கிராமம், எந்தப் புல எண், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று தன் கையால் மனுவில் எழுதுவார். கட்டணம் கட்டிவிட்டு நாலு நாள் காத்திருப்பார். அலைச்சல்தான். ஆனால் கேள்வி கேட்டது அவர். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் இணையவழிச் சேவையான ஸ்டார் 2.0 வந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே காசில்லாமல் பார்க்கலாம். நல்ல வசதி, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த வசதி விற்பவருக்கும் இருக்கிறது. அவரே தேடி, பதிலை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறார். என்ன கேட்டு அந்தப் பதில் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. போலிச் சான்று தயாரிப்பவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் பெரும்பாலோருக்கு அந்தச் சிரமமே தேவைப்படவில்லை. தேடும் வருடத்தைக் குறைத்தாலே போதும்.

ஆகவே சான்று கையில் வந்ததும் பதிவுகளைப் பார்க்காதீர்கள், முதலில் தலைப்பைப் பாருங்கள். எந்தக் கிராமம், எந்தப் புல எண், தேடுதல் காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, சான்று எடுத்த தேதி என்ன? பிறகு அதை மூடிவிட்டுப் பதிவுத்துறை தளத்தில் நீங்களே தேடுங்கள். உட்பிரிவு எண், அது பிரிவதற்கு முந்தைய தாய் எண் இரண்டையும் போடுங்கள். குறைந்தது 30 வருடம் பாருங்கள். தளத்தில் கிடைக்காத பழைய பதிவு வேண்டுமென்றால் அலுவலகத்தில் மனுதான் போட வேண்டும். இன்னொன்று, பல கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. பழைய பதிவு பழைய அலுவலகத்தின் கணக்கில் கிடக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் "முன்ன எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு பதிவிலும் 'முந்தைய ஆவண எண்' என்று ஒரு கட்டம் இருக்கும். சின்ன எழுத்து, யாரும் பார்க்காத இடம். எனக்கு அதுதான் நூல்பிடி. அந்த எண்ணைப் பிடித்துப் பின்னால் போனால் அடுத்த பத்திரம், அதிலிருந்து அதற்கு முந்தையது. எங்கேயாவது நூல் அறுந்தால் அங்கே நின்று கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், தேடிய எண்ணில், தேடிய காலத்தில் பதிவான ஆவணம் எதுவும் இல்லை என்று மட்டும்தான் பொருள். பதிவு செய்யாத உயில் அதில் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு வராமல் போகலாம். வாரிசுகள் எத்தனை பேர் என்பது வரவே வராது. கூட்டுக்குடும்பச் சொத்தில், திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-இலேயே பங்கு வந்தது. 2005 திருத்தம் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. கட்டிக்கொடுத்த பெண் இந்தப் பக்கமே வருவதில்லை, அவரை எதற்குக் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்டே ஆக வேண்டும். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து எங்கே என்று பாருங்கள்.

பட்டா அவர் பெயரில் இருக்கிறது என்பது

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரம். என் தங்கை வீட்டுக்காரர் பார்த்த பட்டாவும் அசல்தான்.

ட்ரோன் வீடியோவில் இடம் பார்ப்பது

ஏப்ரலில் எடுத்த படம் எல்லா நிலத்தையும் அழகாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நேரில் போய் நில்லுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் தாங்கல் (சிறிய ஏரி) எது, வாய்க்கால் எது, தரிசு எது என்று தெரியாது. எல்லாம் ஒரே பச்சை. கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் (எந்த எண்ணில் எந்த வகை நிலம் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் நடக்க வேண்டும். நான் கூப்பிடும்போது பலர் "வீடியோ கால்ல காட்டிடுங்க சார்" என்கிறார்கள். காட்டலாம், போனில் தெரிவது தரையின் மேல்பரப்பு மட்டும். மழை பெய்து மூன்று நாள் கழித்தும் செருப்பு புதைகிறதா என்பது போனில் தெரியாது.

'அருகில்' என்ற சொல்

ஒரு காலத்தில் டிவியில் 'சென்னைக்கு மிக அருகில்' என்று திண்டிவனம் வரை விற்றார்கள். சீரியல் நடிகர்கள் வந்து கையை நீட்டிக் காட்டுவார்கள், தாம்பரத்திலிருந்து இலவச வேன் வரும், அன்றே புக் செய்தால் தங்கக் காசு. இன்று அதே வேலையை ரீல்ஸ் செய்கிறது. 2022-இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் எத்தனையோ மனைகள் ஒரே இரவில் இவற்றுக்கு 'அருகில்' வந்துவிட்டன. தரகர் அனுப்பும் மேப் பின் பெரும்பாலும் ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கும் அலங்கார வளைவில்தான் நிற்கும், மனையில் நிற்காது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் வண்டியில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ரெரா எண் இல்லாத விளம்பரம்

ரெரா என்பது மனை, வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஆணையம். அதன் எண் இல்லையென்றால் நேரம் செலவழிக்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதையே 2016 சட்டம் தடுக்கிறது. எண் இருந்தால் அதை ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பக்கத்து லேஅவுட்டின் எண்ணைத் தங்கள் நோட்டீசில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நகர் ஊரமைப்பு அனுமதிக்கும் இதே கதைதான்: 'டிடிசிபி அப்ரூவ்ட்' என்ற எழுத்து போதாது, அனுமதி எண்ணும் வரைபடமும் வேண்டும்.

கியூஆரில் டோக்கன் போடுவது

அந்தத் தம்பியின் போனில் இருந்த கியூஆரை ஸ்கேன் செய்து பெயரை மட்டும் பார்த்தோம். நில உரிமையாளர் பெயர் இல்லை, விற்கும் நிறுவனத்தின் பெயரும் இல்லை. தரகருடைய மைத்துனர் பெயராம். அந்தக் கணக்குக்குப் போகும் பணம் எந்த நிலத்துக்கான முன்பணம் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? பட்டாவிலும் பத்திரத்திலும் இருக்கும் பெயரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ரெராவில் வரும் திட்டமாக இருந்தால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. ரொக்கமாகக் கேட்டால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். கிரய ஒப்பந்தத்தை எழுதி, பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி உறைக்குள் வைப்பது போதாது.

எல்லாவற்றையும் குரல் செய்தியில் பேசி முடிப்பது

பேச்சுவார்த்தை குரல் செய்திக்கு மாறியதிலிருந்து ஒரு புதுப் பழக்கம். "ரோடு போட்டுத் தர்றோம்", "ஈபி லைன் எங்க பொறுப்பு", "மூணு மாசத்துல பட்டா மாத்திக் கொடுத்துடுவோம்" என்று பேசுகிறார்கள், நாமும் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறோம். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அங்கே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் கிடக்கிறது. பேசியதை அன்று இரவே எழுத்தாக, தேதி போட்டுத் திரும்ப அனுப்பி, "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேளுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவும் சாட்சியம்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும், போனைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதைவிட எளிய வழி, சொன்னதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்வது. எழுத மாட்டேன் என்று சொன்னால் விஷயம் புரிந்துவிடும்.

பத்திர நகலைக் குடும்பக் குரூப்பில் போடுவது

கையெழுத்து, கைரேகை, ஆதார் எண் மூன்றும் அதில் இருக்கின்றன. போடாதீர்கள்.

அந்தத் தம்பதி

என் மேசைக் கணினியில் தேடும் வேலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். விற்பவர் அனுப்பிய சான்று 2011-இல் தொடங்கியது. அந்தப் பெண் தாய் எண்ணைப் போட்டு 1975-இலிருந்து தேடினார். மூன்று பதிவுகள் கூடுதலாக வந்தன. கடைசியாக வந்தது 2008-இல் ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது பத்திரத்தை ஈடு வைத்து வாங்கிய கடன். கடன் அடைந்திருந்தால் பின்னால் ரசீது ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். அவர் மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "ரசீது எங்கயும் காணோமே சார்" என்றார்.

தரகரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அது பழைய மேட்டருங்க, செட்டில் ஆயிடுச்சு" என்றார். வங்கிக் கடிதத்தையும் பதிவான ரசீதையும் அசலாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். டோக்கன் இன்னும் போகவில்லை.