உண்ணிச்செடியை வெட்டாதீர்கள், வேரோடு கவிழ்த்துங்கள்

ஓரிடம் பல்லுயிர் ஹாட்ஸ்பாட் என்ற பட்டியலில் சேர இரண்டு தகுதிகள் வேண்டும். வேறெங்கும் இல்லாத செடிகொடி வகைகள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும். பழைய இயற்கைத் தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும். உலகில் இப்படி 36 இடங்கள். இலங்கையோடு சேர்த்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதில் ஒன்று. மிச்சமிருக்கும் காட்டையும் உள்ளிருந்தே தின்பதில் முன்னணியில் நிற்பது உண்ணிச்செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி இது.

மசினகுடி, சத்தியமங்கலம் போன்ற மலையடிவாரங்களில் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கான வழிமுறை இது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது.

பெரும்பாலோர் செய்யும் தவறு, அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போவது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் இதன் மறுதுளிர் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளம்பும். தீ வைத்தாலும் கதை அதேதான். அடிக்கட்டை சாகாது, அருகில் இருக்கும் நாட்டுக் கன்றுகள்தான் கருகும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த வேரறு முறை இந்தக் கழுத்தையே குறிவைக்கிறது.

முதல் மழை பெய்து மண் இளகியதும் தொடங்குங்கள். காய்ந்த மண்ணில் கடப்பாறை இறங்காது. வேர் பாதியில் முறியும். காய்கள் பச்சையாக இருக்கும்போதே வேலையை முடிப்பது நல்லது. கறுத்துப் பழுத்துவிட்டால் ஒவ்வொரு உலுக்கலும் விதைப்புதான்.

வெட்டும் முன் ஒரு நாள் புதருக்குள் குனிந்து பார்க்கச் செலவிடுங்கள். வெக்காலி, கருமருது, நெல்லி, வேங்கைக் கன்றுகள் வெளிச்சத்துக்கு ஏங்கி உள்ளே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கன்றா, உண்ணியா என்று சந்தேகம் வந்தால் தண்டைத் தடவிப் பாருங்கள்: உண்ணித்தண்டு நாலு பட்டையாக, சிறு முள்ளோடு இருக்கும். சொரசொரப்பான இலையைக் கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். துணி கட்டாமல் ஆள் விட்டால் மாலைக்குள் எல்லாமே தரைமட்டம்.

வேலைக்கு இருவர் இருவராகச் சேர்வது வசதி. ஒருவர் கவைக்கொம்பால் கிளைகளைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடியில் மண்ணை ஒதுக்கி, தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் கொத்தால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வெட்டிய அடி வானம் பார்த்துக் காய வேண்டும். அடி மண்ணைத் தொட்டபடி சாய்ந்து கிடந்தால் அடுத்த மழைக்கே வேர் பிடிக்கும். தரையில் படர்ந்த கிளைகள் கணுவில் தனியாக வேர்விட்டிருக்கும். அவற்றையும் தேடிப் பிடுங்குங்கள்.

தடித்த கையுறையும் முழங்கால் வரை காலணியும் கட்டாயம். ரத்தம் உறிஞ்சும் உண்ணிப் பூச்சிகளும் ஒட்டும், மாலையில் உடம்பையும் துணியையும் சோதியுங்கள். அடர்ந்த புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பொழுது சாயும் முன் வெளியேறிவிடுங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம்.

நெருக்கமான நடுப்பகுதியில் ஆரம்பிக்கவே கூடாது. செடி குறைவாக, புல் நிறைய இருக்கும் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகருங்கள். ஓரத்தில் திறந்த இடத்தைப் பக்கத்துப் புல்லே மூடிவிடும். நடுவில் திறந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடிக்கும். மூன்று வருடம் கவனிக்க முடிகிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பத்து ஏக்கரை ஜேசிபி வைத்து ஒரே வாரத்தில் சுத்தம் செய்தால் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் மண் புரண்டு, புதைந்திருந்த விதையெல்லாம் மேலே வந்து, அடுத்த மழையில் தரை முழுக்க உண்ணி நாற்று முளைத்திருக்கும்.

வெட்டிய தண்டை வீணாக்க வேண்டாம். வேகவைத்துப் பட்டை உரித்தால் பிரம்பு போல வளையும். மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் இதில்தான் நாற்காலி முடைகிறார்கள். மாடுகளை மட்டும் அண்டவிடாதீர்கள். இலையைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும்.

உண்ணி போன இடத்தில் உடனே மரக்கன்று நடத் தோன்றும். இந்த வறண்ட காட்டில் முதலில் வேண்டியது புல். பனிக்காலத்தில் பக்கத்து நிலங்களில் முற்றிய ஊசிப்புல் கதிர்களை அறுத்து, சணல் சாக்கில் ஈரம் படாமல் வையுங்கள். செடி பிடுங்கிய அன்றே, புரண்ட மண்ணில் கதிரோடு தூவி மேலே சருகைப் பரப்பிவிடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மேய்ச்சல் கூடாது. துணி கட்டிய கன்றுகள் வெளிச்சம் கிடைத்ததும் தாமாகவே எழும்பும்; நடுவதற்கு அநேகமாக வேலை இருக்காது.

இன்னொரு செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சக்கொன்னை என்று பெயர் இருப்பதால் நம் சரக்கொன்றையைப் போல நாட்டு மரம் என நினைத்துப் பலர் விட்டுவைக்கிறார்கள். அதுவும் அமெரிக்க வரவுதான். மரத்தை வெட்டினால் அடிக்கட்டை முழுக்கத் துளிர்க்கும். நெஞ்சு உயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே காயவிட வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் சொந்த நிலத்து மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதால், அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள்.

பிடுங்கிய ஒரு மாதத்தில் முதல் சுற்று வாருங்கள். துளிர்த்த கட்டை இருந்தால் வெட்டு மேலே விழுந்துவிட்டது என்று பொருள், மறுபடி தோண்டுங்கள். அதன்பின் மூன்று வருடங்களுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்று பிடுங்க வேண்டும். விரல் நீளத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் வந்துவிடும்; முழங்கால் உயரம் போனால் கொத்து வேண்டும். நிலம் முழுக்க அலைய வேண்டியதில்லை. பழம் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் உட்காரும் மரத்தடிகளையும் மழைநீர் ஓடும் தாரைகளையும் பாருங்கள், நாற்றில் பெரும்பங்கு அங்கேதான் நிற்கும்.