அந்தமானுக்கு மருந்துப் பை: பாறையில் கால் கிழித்துக்கொண்டவன் சொல்வது

அந்தமானின் நீல் தீவில் (இப்போது ஷஹீத் தீவு) 'ஹவுரா பாலம்' என்று உள்ளூரில் சொல்லும் பாறை வளைவைப் பார்க்க, கடல் வற்றிய நேரத்தில் ரப்பர் செருப்போடு போனேன். பாசி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு. ரத்தம் கொஞ்சம்தான். கடல் தண்ணீரிலேயே கழுவி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு மீன் சாப்பிடப் போய்விட்டேன். மூன்றாம் நாள் கால் சிவந்து வீங்கிவிட்டது.

1. ஊரிலேயே வாங்குங்கள்

ஓஆர்எஸ், பீட்டாடின், காஸ் துணி, பேப்பர் டேப், முள்வாங்கி, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ் ஒன்று (புதிது!). வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் வேண்டாம். உள்ளே வியர்த்துப் புண் ஊறிப்போகும். டெட்டனஸ் (டி.டி.) ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

2. படகு

வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை தூக்கம் வரவைக்கும், அது பரவாயில்லை.

3. பவளப்பாறைச் சிராய்ப்பு

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். பவளம் கீறினால் அதன் துணுக்குகள் சதைக்குள்ளேயே தங்கிவிடும். சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா என் காலிலிருந்து எடுத்தது உப்புக்கல் அளவில் வெள்ளையாக இருந்தது. மூன்று நாளாக அதன் மேலேயே பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தேன்!

குடிக்கிற தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சோப்பு போட்டு, அந்தப் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். எரியும், விடாதீர்கள். போன் டார்ச் அடித்துப் பார்த்து, தெரிகிற துணுக்கை முள்வாங்கியால் எடுங்கள். அப்புறம் பீட்டாடின், காஸ். தினமும் கட்டை மாற்றுங்கள். புண் காயும்வரை கடலில் இறங்காதீர்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காலையிலேயே டாக்டரைப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் இருப்பது போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). இருட்டிய பிறகு வழக்கமான படகு கிடையாது. அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

செருப்புக்குப் பதில் பின்பட்டை வைத்த சாண்டல் போடுங்கள்.

4. மணல் ஈ

கண்ணுக்கே தெரியாது, அதிகாலையிலும் பொழுது சாயும்போதும் கடிக்கும். வெறும் மணலில் உட்காராதீர்கள், முழுக்கால் பேன்ட் போடுங்கள். சொறிந்தால் அதுவும் புண்தான்.

பின்சேர்க்கை: கடைசி நாள் ஸ்கூபா செய்துவிட்டு அன்றே விமானம் ஏறலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும். பலமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுவேன்.

இன்னொன்று: ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அந்தமான் போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலேரியா, எலிக்காய்ச்சல் இரண்டும் அங்கே உண்டு.