சிக்னலில் நின்றால் சூடேறும் கார்

போன மே மாதம் என் பழைய காருக்கு இதுதான் வியாதி. ஓடும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியில் நிற்கும். வடபழனி சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்பைத் தொட்டுவிடும். ஓட்டத்தில் எதிர்க்காற்றே எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நின்றால் ஃபேன்தான் கதி. அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். என் மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அளவு சரி என்றால் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றாவிட்டால் சூட்டை உணரும் சென்சரைப் பாருங்கள். எதற்குமே சுற்றாவிட்டால் ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே. என் காரில் அதே எண் போட்ட ஹாரன் ரிலேவைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். 'விர்ர்' என்று கிளம்பியது ஃபேன். மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்.